கல்லில் விட்ட நாலு விரற்கடை

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் நான்காம் தேதி, வடக்கே எல்லை மலைப்பாதையில் நம் வீரர்கள் ஐவரைப் பயங்கரவாதிகள் கொன்றார்கள். அந்தத் தாக்குதல் பற்றிய விசாரணை அறிக்கை ஜூன் ஒன்பதாம் தேதியே டெல்லியில் உரிய துறையிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இதைச் சொல்வது நான் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தத் துறையின் தகவல் அலுவலர் அக்டோபர் மூன்றாம் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் சொல்கிறது. நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. வாங்கிக்கொண்டவர் அந்த ஐவரில் ஒருவரான, படையில் நாயக் பதவியில் இருந்த ராம்சங்கரின் மனைவி, சண்முகசுந்தரி. அசலைப் பார்த்தேன். நகல் இதோ என் கையில்.

இனி வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், இருபத்தெட்டு ஆண்டு பனியில் நின்ற கால்களோடு இன்றும் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிற சுபேதார் குருநாதன் அவர்களே! தறியின் இரைச்சலை நிறுத்திவிட்டு வந்திருக்கிற தோழர்களே! ஆட்டுக்கிடையை அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கரிவலத்திலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் வந்திருக்கிற பெரியவர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பாரமுமாக மண்ணில் அமர்ந்திருக்கிற தாய்மார்களே! தேரடியை அடைத்துக்கொண்டு நிற்கிற இளைஞர்களே! அந்த ராஜபாளையம் பஸ்ஸுக்கு வழி விடுங்கள் தம்பிகளே, ஆஸ்பத்திரிக்குப் போகிற யாராவது அதில் இருப்பார்கள். மேடைக்கு இடதுபுறம் முதல் நாற்காலியில் இருக்கிற சகோதரி சண்முகசுந்தரி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் நிருபர் நெல்லைநாயகத்தின் வணக்கம்.

கேள்விப்பட்டதை எல்லாம் நான் எழுதுவதில்லை. ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்வேன். இருவர் தனித்தனியே சொன்னால்தான் எழுதுவேன். அந்த அளவுகோலோடுதான் இன்றைக்கும் பேசுகிறேன்.

மார்ச் நான்கு, காலை ஏழு இருபது. பதினொரு வீரர்களை ஏற்றிய வண்டி ஒரு சிறிய பாலத்தைக் கடக்கிறது. பாலத்துக்கு அடியில் வைத்திருந்த குண்டு வெடிக்கிறது. வண்டி கவிழ்கிறது. மேட்டிலிருந்து துப்பாக்கிகள் சுடுகின்றன. ராம்சங்கர் வெளியே தூக்கி வீசப்படுகிறார். கை முறிந்திருக்கிறது. முறிந்த கையோடு என்ன செய்தார்? ஓடினாரா? ஒளிந்தாரா? உள்ளே கிடந்த ஒருவரை இழுத்துவந்து பாறைக்குப் பின்னால் கிடத்தினார். திரும்பிப் போனார். இரண்டாமவரை இழுத்து வந்தார். திரும்பிப் போனார். மூன்றாமவரைப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்ட அந்த நொடியில் தோட்டா அவர் கழுத்தில் பாய்ந்தது. மூன்று பேரும் இன்று உயிரோடிருக்கிறார்கள். அவர்களில் இருவர், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாட்களில், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் இதை என்னிடம் சொன்னார்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

வயது முப்பத்துநான்கு. விடுப்பில் வந்தால் வயலில் மடை திருப்புவார், இந்தத் தேரடியில் டீ குடிப்பார், பஸ்ஸில் பெண்களைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பார். எழுந்துகொள்வதே அவருக்குப் பழக்கமாக இருந்திருக்கிறது. மரணத்துக்கு முன்னாலும் மூன்று முறை எழுந்திருக்கிறார்!

கை தட்டாதீர்கள். இன்னும் இருக்கிறது. அடுத்தது என் குற்றம்.

அன்று பகல் பன்னிரண்டு பத்துக்கு, நம்மிடம் ஓட்டு வாங்கி டெல்லிக்குப் போன ஓர் அமைச்சர் தன் சமூக வலைதளப் பக்கத்தில் இரங்கல் வெளியிட்டார். ஐந்து பெயர், ஐந்து ஊர், கைகூப்பிய அவர் படம். என் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, ஒம்ம ஏரியாதான். வீட்டுக்குப் போயி ஒரு படம் வாங்கி அனுப்பும்." எங்கள் தொழிலில் இது வழக்கம். இறந்தவர் வீட்டுக்குப் போய்ப் படம் கேட்போம். அமைச்சரே சொல்லிவிட்டார், வீட்டுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். முப்பத்தொரு ஆண்டில் எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் கேட்டவன், அன்று ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவில் கூட்டம் இல்லை. அழுகை இல்லை. முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. சண்முகசுந்தரி வெளியே வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. பேப்பர்காரகதான? ரேஷன் கடை விஷயமா எழுத வருவீகன்னு சொன்னாக."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க வீட்டுக்காரரு படம் ஒண்ணு வேணும்மா" என்றேன்.

அந்த முகம் மலர்ந்தது. "எதுக்கு அண்ணாச்சி? மெடல் கிடல் குடுத்துருக்காகளா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, கள்ளன்!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு படங்களோடு வந்தார். "யூனிபார்ம்ல இருக்கது மொறைக்க மாதிரி இருக்கு. இதப் போடுங்க. இதுலதான் சிரிக்காரு."

வாங்கிக்கொண்டேன். இவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஏன் இப்படி நிக்கிய?" என்றார். மறுநொடி என் கையிலிருந்த படத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். என் முகமே அவருக்குச் சொல்லிவிட்டது.

அரசின் முறையான தகவல் அந்த வீட்டுக்கு வந்தது இரண்டு இருபத்தைந்துக்கு. பன்னிரண்டு பத்துக்கு நாட்டுக்குத் தெரிந்தது, கட்டிய மனைவிக்கு இரண்டு இருபத்தைந்துக்குச் சொன்னார்கள். நடுவில் இரண்டே கால் மணி நேரம். அந்த இடைவெளியில் கதவைத் தட்டியவன் நான். அந்தப் படம் அச்சுக்குப் போகவில்லை. இதோ எனக்குப் பின்னால் இருக்கிறதே, அதே படம்தான். இன்றைக்கு அவரே கொடுத்து மாட்டச் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் அங்கே போனேன். "தப்பு என்னுது தாயி, மன்னிச்சிரு" என்றேன். அவர் சொன்னார்: "தப்புன்னு நீங்க ஒருத்தராது வந்து சொன்னீக. வேற ஆரும் சொல்லலியே அண்ணாச்சி."

வேற ஆரும் சொல்லலியே! ஏழு மாதமாக என் காதில் ஒலிக்கிறது இந்தச் சொல். ஊர் நிருபன் ஒருவன் தவறு செய்தால் வந்து தலைகுனிய வேண்டும். உயிர் போன விஷயத்தில் உயரத்தில் இருப்பவர்கள் ஒரு வரி சொல்ல வேண்டாமா? மாலை போட வந்தார்கள், மைக் பிடிக்க வந்தார்கள், மலர்வளையத்தோடு மறக்காமல் போட்டோகிராபரையும் கூட்டி வந்தார்கள். பதில் சொல்ல வந்தார்களா?

என்ன? யாருய்யா அது, பின்னால? "அமைச்சர் பேரச் சொல்லும்" என்கிறீரா? நான் எதுக்கு வே சொல்லணும்? அவர்தான் இந்த ஊரில் ஒரு சுவர் விடாமல் எழுதி வைத்திருக்கிறாரே!

சிரித்தது போதும். ஜூலை பத்தொன்பதாம் தேதி பொதுக்கூட்டத்தில் அதே அமைச்சர் சொன்னார், "விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, முடிந்ததும் மக்கள் முன் வைப்போம்" என்று. நான் முன்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். அறிக்கை வந்தது ஜூன் ஒன்பது. அவர் பேசியது ஜூலை பத்தொன்பது. நாற்பது நாள்! அமைச்சருக்கு அது தெரியாதா? தெரியாதென்றால் அந்த நாற்காலி எதற்கு? தெரியுமென்றால் அந்தப் பேச்சு எதற்கு?

இன்னொரு குரல் கேட்கிறது. "எதிரிய விட்டுட்டு நம்மாளுகளக் கேக்கீரே!" நல்ல கேள்வி தம்பி, உட்கார். குண்டு வைத்தவன் கொலைகாரன். அவனுக்கு உரியது தண்டனை. அதை எந்த மேடையிலும் சொல்வேன். அவன் நமக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியவன் அல்லன். நம்மிடம் ஓட்டு வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். நாம் கேட்பது ஒன்றுதான். வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் பாதையை ஒரு குழு அங்குலம் அங்குலமாகச் சோதிக்க வேண்டும். தினமும் சோதிப்பார்கள். அன்று பாலத்துக்கு அடியில் பார்க்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்?

உயிர் தப்பிய ஒருவர் என்னிடம் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் பணியில் இருக்கிறார். "அன்னைக்கு ரோடு செக் பண்ண ஆளு வரல சார். அங்கிட்டு ஏதோ திறப்பு விழாவாம், பெரிய தலைவரு வாராராம், எல்லாரையும் அங்கன கொண்டு போயிட்டாவ." இது உண்மையா? எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்னது, இரண்டாமவர் உறுதி செய்யவில்லை. அதனால் நான் எழுதவில்லை, இங்கே குற்றமாகவும் சாட்டவில்லை. கேள்வியாகக் கேட்கிறேன். பொய் என்றால் பொய் என்று சொல்லுங்கள், அச்சிடுகிறேன். முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்! உண்மை என்றால்? நாடா வெட்டக் காவல் போனதால் ஐந்து பேர் நாடியும் நின்றது என்றால்? அதைச் சொல்லும் நெஞ்சு எவருக்கு இருக்கிறது?

இந்தக் கேள்வியை மனுவாக்கியவர் கடையநல்லூர் வழக்கறிஞர் ஷமீரா. சண்முகசுந்தரி எழுதிக்கொண்டு போனது நான்கு பக்கம். அத்தனையும் ஆத்திரம். ஷமீரா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "அக்கா, இத நீங்க வச்சுக்கோங்க. மனுவுல கேள்வி மட்டும் போவட்டும். கோவத்துக்கு அவுங்க பதில் எழுத மாட்டாங்க." நான்கு பக்கம் ஐந்து கேள்வியாகச் சுருங்கியது. செப்டம்பர் மூன்றாம் தேதி மனு போனது. முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது: அறிக்கை தயார். மற்ற நான்கு கேள்விக்கும் ஒரே வரி: பாதுகாப்புக் காரணங்களால் வெளியிட இயலாது. படையின் ரகசியம் காக்கப்பட வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று அங்கே திறப்பு விழா நடந்ததா, யார் வந்தார்கள் என்று கேட்டதும் ரகசியமா? அதற்குத்தான் பந்தல் போட்டு, மேளம் கொட்டி, படம் எடுத்து வெளியிடுகிறீர்களே!

கடைசியாக ஒரு கல்.

இன்று காலை ராம்சங்கருக்கு அவர் ஊரில் நினைவுக்கல் நட்டோம். நம் பக்கத்துக் கல்வெட்டுகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இறந்தவர் பெயர் ஒரு விரல் உயரம். திறந்து வைத்தவர் பெயர் ஒரு சாண் உயரம். போன மாதம் கட்சிக்காரர் ஒருவர் காரில் வந்தார். "தங்கச்சி, அமைச்சரு பேரு, மாவட்டச் செயலாளரு பேரு, ஒன்றியச் செயலாளரு பேரு, மூணே வரி. கல்லுல அடியில எடம் இருக்குல்லா?" சண்முகசுந்தரி சொன்னார்: "எடம் இருக்கு. ஆனா அது ஒங்களுக்கு இல்ல."

கல் செதுக்கும் சங்கரசுப்பு குழம்பிவிட்டார். "பின்ன யாருக்கும்மா?"

"அவரு ஏன் செத்தாருன்னு அரசாங்கம் சொல்லும்லா? சொன்ன அன்னைக்கு அந்த ஒரு வரிய வெட்டுங்க."

"அது எத்தன எழுத்து வரும்னு தெரியலியே தாயி. எவ்வளவு எடம் விட?"

"நாலு விரக்கடை விடுங்க போதும். பொய்யின்னாத்தான் நீளமா வரும்."

விட்டிருக்கிறார். போய்ப் பாருங்கள். பெயர், படைப்பிரிவு, பிறந்த நாள், வீழ்ந்த நாள். அதற்குக் கீழே வழுவழுவென்று வெறுங்கல், நாலு விரற்கடை. காலையில் துணியை விலக்கியதும் சண்முகசுந்தரியின் கை கணவரின் பெயரைத் தடவவில்லை. அந்த வெறும் இடத்தைத்தான் தடவியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தாய்மார்களே, பெரியோர்களே! சித்திரைக்குள் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். எந்தக் கொடியோடு வந்தாலும் விரட்டாதீர்கள், வையாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்று பாலத்துக்கு அடியில் பார்க்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்? ஒரு வாசலில் கேட்டால் நழுவுவார்கள். ஒரு தெருவே கேட்டால் தயங்குவார்கள். ஒரு தொகுதியே கேட்டால்? சொல்லித்தான் ஆக வேண்டும்! மூன்று முறை எழுந்து போனாரே ராம்சங்கர், அவருக்காக நாம் ஒரு முறை எழுந்து கேட்க மாட்டோமா?

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், மண்ணில் அமர்ந்து கேட்ட உங்களுக்கும், என் தவற்றை மேடையில் சொல்ல அனுமதித்த சகோதரிக்கும் நன்றி. வீழ்ந்த ஐவருக்கும் தலை தாழ்த்தி என் வணக்கம்.

நிலுவையில் இருப்பது ஒன்று. நான்கு கேள்விகளுக்கான மேல்முறையீட்டை நேற்று இந்த ஊர்த் தபால் நிலையத்தில் சேர்த்தோம். புதன்கிழமை போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், பதில் சொல்ல வேண்டிய முப்பது நாள் நவம்பர் பதினான்காம் தேதியோடு முடிகிறது. அன்று காலை உளியோடு வருவதாகச் சங்கரசுப்பு சொல்லியிருக்கிறார். நானும் அங்கே இருப்பேன்.