சேர்க்கிற இடத்தில் ஒரு சோதனை

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோ கடைசி ஓர் ஆளுக்காக நின்றுகொண்டிருந்தது. என் எதிரே இருந்த இருவரும் ஒரே கம்பெனிக்காரர்கள். இளையவர் தெற்கத்திக்காரர்.

“செத்தவங்களச் சேர்க்காதேன்னு நாந்தாண்ணே எழுதி வச்சேன்” என்றார் அவர்.

“எதுலப்பா?”

“அட்டெண்டன்ஸ் புரோகிராம்ல. கார்டத் தேச்சா, அந்த ஆள அன்னிக்கு வந்தவங்க கணக்குல அப்படியே சேத்துக்கும். போன மாசம் செத்தாருல்ல, பெயிண்ட் ஷாப்காரரு? அவரு கார்டு அதுக்கப்புறமும் தெனம் ஆறு மணிக்குப் பதிவாச்சு.”

“எவனாச்சும் தேச்சிருப்பான்.”

“கார்டு அவரு சட்டைப்பையோட எரிஞ்சு போச்சுண்ணே. அதான் சேர்க்கிற எடத்த மாத்தி எழுதினேன். எந்தப் பேரு வந்தாலும் மொதல்ல இறந்தவங்க லிஸ்ட்டப் பாக்கும். அதுல இருந்தா வெளிய தள்ளிரும்.”

“நின்னுச்சா இல்லியா?”

“நின்னுச்சு. முந்தாநாள்லேர்ந்து என் கார்டத் தள்ளுது. லிஸ்ட்டத் தொறந்தா, அவரு பேருக்குக் கீழ என் பேரு. அழிச்சேன். நேத்துப் பாத்தா திரும்ப இருக்கு. பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தாண்ணே தெரியும்.”

“கம்ப்யூட்டரு சொன்னா செத்துடுவியா? பக்கத்துலயே குந்திகினு கீற!” பெரியவர் சிரித்தபடி அவர் தொடையில் தட்டினார்.

ஒரு பெண் ஏறினார். இனி நகரக்கூட இடமில்லை. டிரைவர் திரும்பி, விரல் நீட்டி எங்களை எண்ணினார்.

“இன்னும் ஒரு ஆளு வர்ட்டும். கெளம்பிடலாம்.”

பெரியவர், இளையவர் தொடையிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.