கல்லுல வெட்டின பேரு

ஃபோட்டோ எடுக்கிறதுன்னா இந்தப் பக்கமா நின்னு எடுங்க சார். கோட்டைச் சுவரோரம் போகாதீங்க, மூத்திர நாத்தம் குடலப் புடுங்கும். பீரங்கியா? அது வாயில கைய விட்டுப் பாருங்க, குப்பைதான் வரும். சரித்திரமாம் சரித்திரம்! ஊரே காறித் துப்பி வெச்சிருக்கு, அதுக்கு டிக்கெட் வேற. கிழிச்சுக் குடுக்கிறவளே நான்தான், அதனால சொல்றேன்.

கலங்கரை விளக்கத்துல ஏறினீங்கல்ல? உள்சுவர் பூரா ஆணியால கீறி, அவன் பேரு, அவ பேரு, நடுவுல ஒரு ஹார்ட்டு. ச்சை.

அதுவா? அது கடல்ல போனவங்க நினைவுக்கல்லு. சரக்குப் படகு ஒண்ணு துறைமுக வாசல்லயே முழுகிடுச்சு. எல்லார் உடம்பும் கரை ஒதுங்குச்சு, ஒருத்தரைத் தவிர. கடைசியா இருக்குதே, அந்தப் பேருதான். என் வீட்டுக்காரரு.

ஐயோ, நீங்க ஏன் சார் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிறீங்க? அதெல்லாம் எட்டு வருஷமாச்சு. அதுக்காகத்தான் துறைமுக ஆபீஸ்ல இந்த வேலையே போட்டுக் குடுத்தாங்க. எம்பொண்ணு பள்ளிக்கூடம் போறப்ப அந்தக் கல்லத் தொட்டுட்டுத்தான் போவா.

இன்னிக்குக் கவுண்டர்ல ஒரு கை நீண்டுச்சு. ரெண்டு டிக்கெட்டுன்னு. அந்தக் குரலக் கேட்டதும் நிமிந்தேன். தொப்பையும் தொப்பியுமா நிக்கிறான், நான் எட்டு வருஷம் அழுத ஆளு. பக்கத்துல ஒரு பொம்பளை. அன்னிக்குப் படகுல ஏறவே இல்லபோல. என்னப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துடுச்சு.

கிழிச்சுக் குடுத்தேன், வேற என்ன செய்ய? கத்தினா வேலையும் போயிடும், எம்பொண்ணுக்குக் கல்லுல இருக்கிற அப்பனும் போயிடுவான்.

அதோட விட்டுச்சா? அந்தப் பொம்பளை கல்லுகிட்ட நின்னு ஒவ்வொரு பேரா வாசிக்கிறா. கடைசில, ஏங்க, உங்க பேரு இருக்குதேங்கிறா. இவன் பல்லக் காட்டிக்கிட்டு, யாரோ பாவம், வேற ஆளுங்கிறான். எந்திரிச்சு வெளிய போயிட்டேன். ஆமாம்மா, வேற ஆளுதான், எம் புருஷன்னேன்.

அவ பாவம், எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டா. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? தொப்பியக் கழட்டிட்டு, ரொம்ப வருத்தமா இருக்குங்க, மனசத் தேத்திக்கங்கன்னான். என்கிட்ட!

போங்க சார், ஹாரன் அடிக்கிறாங்க. உங்க பஸ்தான். அவனும் அதுலதான், ஜன்னலோரமா உக்காந்திருக்கான்.