நாளைக்கு நம்ம முறை

— ஐயோ! என்ன சத்தம் அது? தொழுவத்துக் கூரையே இடிஞ்சு விழுந்த மாதிரி!

— டிஸ்கிட், கதவுகிட்ட போகாதே! இப்படி வா. இந்தச் சுவர்ப் பொந்து வழியா ஒரு கண்ணால பாரு. வாயைத் திறக்காம பாரு.

— நகரு, ரிக்ஸின். புருஷன் முதுகைப் பார்க்கவா வந்தேன்? ஆமா, ஆடுங்க எல்லாம் ஏன் ஒரே மூலையில ஒட்டிக்கிட்டு நிக்குது? நடுவுல அந்தச் சாம்பல் கலர் மூட்டை என்ன?

— மூட்டைக்கு வால் இருக்கு பாரு.

— அம்மாடி! பனிச்சிறுத்தை!

— கத்தாதேன்னு சொன்னேன்ல!

— கிழட்டுக் கிடாவை அடிச்சுப் போட்டிருக்கே, பாவி! பாதியைத் தின்னுட்டு மீசையை வேற நக்குது. இது எப்படி உள்ளே வந்துச்சு? கூரை ஓட்டைக்குத்தான் கம்பி வலை போட்டிருந்தோமே?

— போட்டிருந்தோம்.

— அது என்ன, இழுக்கறே?

— நேத்து சாயந்தரம் கழட்டிட்டேன். நாளைக்கு விருந்தாளிங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்கல்ல? சாக்ஸ், கையுறை எல்லாம் பனியில நனைஞ்சு வரும். அடுப்புக்கு மேல ஒரு வலை தொங்கவிட்டா காயப் போடலாமேன்னு...

— விருந்தாளி சாக்ஸ் காயணும்னு வீட்டு ஆட்டைச் சிறுத்தைக்குப் பந்தி வெச்ச ஆம்பளை, லடாக்குலயே நீ ஒருத்தன்தான்!

— நீதானே சொன்னே, அவங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு?

— சரி விடு, இதுவும் நல்லதுக்குத்தான். ஓடு, மேட்டுக்கு ஓடு! அந்த பெல்ஜியம் புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா. விடியறதுக்கு முந்தியே அந்தத் தூரத்துல பார்க்கற பெரிய குழாயைத் தூக்கிட்டுப் போயி எதிர் மலையைப் பார்த்துக்கிட்டு விறைச்சுக் கிடக்கறாங்க. நேத்து ஏதோ பாறை அசைஞ்சுதுன்னு பொழுது சாயற வரைக்கும் அதையே படம் புடிச்சாங்களாம். அவங்க தேடற பெரிய மனுஷன் இங்க நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு உக்காந்திருக்காரு!

— கூட்டிட்டு வந்தா?

— பார்ப்பாங்க! குதிப்பாங்க! உன்னைக் கட்டிப்புடிச்சு முத்தம் கூடக் குடுப்பாங்க!

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்?

— மூட்டையைக் கட்டிடுவாங்க, டிஸ்கிட். போன வருஷம் மேல்வீட்டுல தங்கினவங்க என்ன பண்ணாங்க? காலையில சிறுத்தையைப் பார்த்தாங்க, மத்தியானம் ஜீப்புல ஏறிட்டாங்க. இதைப் பார்க்கறதுக்காகத்தானே இந்தக் குளிர்ல வர்றாங்க? நம்ம மூஞ்சியைப் பார்க்கவா?

— அட ஆமா. இன்னிக்கு ராத்திரியோட பக்கத்து வீட்டு ஆங்மோ அக்கா முறை முடியுது. நாளைக்கு நம்ம முறை.

— வீட்டுக்கு மூணு ராத்திரி தங்கணும், அந்த வாடகை அந்த வீட்டுக்குன்னு ஊர்க் கூட்டத்துல பேசி வெச்சது. விருந்தாளி பாதியில கிளம்பிட்டா, முறை போனது போனதுதான். மறுபடி ஊரையெல்லாம் சுத்தி நம்ம வாசலுக்கு வர அடுத்த குளிர்காலம் ஆயிடும்.

— நமக்குன்னு வரும்போதுதான் இப்படி நடக்கும். போன முறை பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கு முந்தின முறை வந்த மனுஷன் மூச்சு வாங்குதுன்னு வந்த ஜீப்புலயே திரும்பிட்டாரு. வெண்ணெய்த் தேநீர் ஊத்தி வெச்சேன், தொட்டுக்கூடப் பார்க்கலை.

— இதுவும் போச்சுன்னா, பனி உருகினதும் நான் ரோட்டு வேலைக்குத் தார் காய்ச்சத்தான் போகணும்.

— வேண்டாம் சாமி! போன தடவை போயிட்டு வந்த இருமலே உனக்கு இன்னும் விடலை. குளிருக்குப் போத்திக்கப் புது ரஜாய் தெச்சாச்சு, கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சு, அறைக்கு வெள்ளை அடிச்சாச்சு. இது எல்லாத்தையும் இந்த வாலுக்காக விட முடியாது. யாரும் பார்க்கறதுக்குள்ள இதை வெளியே அனுப்பு.

— நானா?

— பின்னே, நானா கம்பி வலையைக் கழட்டினேன்?

— முன்கதவைத் திறந்தா மேட்டுல இருந்து நேராத் தெரியுமே. அந்தக் குழாயில என் மீசை முடியைக்கூட எண்ணிடுவாங்க.

— உனக்கு ஏது மீசை? புது ரஜாயை எல்லாம் எடுத்துட்டு வா. சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிடறேன். நீ அந்த நீளத் தடியைப் பொந்து வழியா விட்டு அதை மெதுவா எழுப்பு.

— புத்த பகவானே, மூணு ரத்தினமும் என்னைக் காப்பாத்தட்டும்... டிஸ்கிட்!

— என்ன? எழுந்துடுச்சா?

— இல்லை. தடியைப் புடுங்கித் தலைக்கு வெச்சுக்கிச்சு.

— ஜூலே, டிஸ்கிட்! காலங்கார்த்தால என்ன கொண்டாட்டம்? சந்தெல்லாம் தோரணம் தொங்குது?

— ரிக்ஸின், ஆங்மோ அக்கா! அவங்க கூரை மேல நிக்கறாங்க. அசையாதே. வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை போட்டதுலேர்ந்து நம்ம மேலதான் கண்ணு. தெரிஞ்சா மேடு வரைக்கும் கூவிட்டே ஓடுவாங்க... ஜூலே, அக்கா! தோரணம் இல்லக்கா, ரஜாய். வெயில்ல காயப் போடறேன்.

— வெயிலா? சூரியன் இன்னும் மலையைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்கலையே, கண்ணு.

— வரும்போது தயாரா இருக்கட்டுமேன்னுதான்.

— அது என்னடி உறுமல்?

— இவரு குறட்டைக்கா.

— ரிக்ஸின் உன் பக்கத்துலதானே நிக்கறான்?

— நின்னுக்கிட்டே தூங்குவாருக்கா.

— ஆமாக்கா. தூங்கறேன்.

— நல்லாத் தூங்குப்பா. ஆமா, காக்காயெல்லாம் உங்க தொழுவத்துக் கூரையில கூடியிருக்கே? ஆடு கீடு செத்துப் போச்சா?

— அதைத்தாங்க்கா சொல்ல வந்தேன்! கிழட்டுக் கிடா போயிடுச்சு. வயித்துவலி. விருந்தாளிங்க வந்த மறுநாள் உங்க ஆடு செத்துச்சே, அதே வயித்துவலிதான்.

— அதே வயித்துவலியா?

— அச்சு அசல் அதேதாங்க்கா.

— ஓஹோ. இரு, நான் இறங்கி வர்றேன்.

— வேண்டாங்க்கா! ஒட்டிக்கும்! தொத்து வியாதி!

— எனக்கு ஒட்டாதுடி. நகரு. ரிக்ஸின், தூங்கினது போதும், நீயும் தள்ளு. இந்தப் பொந்துல பார்த்தா... அடேயப்பா, நல்லா வளர்ந்த வயித்துவலிதான்!

— அக்கா, உன் கால்ல விழறேன், மேட்டுக்குப் போய்ச் சொல்லிடாதே. அவங்க பார்த்தா இன்னிக்கே ஜீப்பு ஏறிடுவாங்க. உனக்குப் போனா ஒரு ராத்திரிதான் போகும். எங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. அந்த வாய்க்கால் தண்ணியைக்கூட இனிமே நீயே முதல்ல பாய்ச்சிக்கோ.

— தண்ணியும் எனக்கு, செத்த கிடாவுல ஒரு பின்தொடையும் எனக்கு. சரியா?

— ரெண்டு தொடையும் எடுத்துக்கங்க அக்கா.

— நீ குறுக்கே பேசாதே, ரிக்ஸின். ஒரு தொடைதான் மீதி இருக்கு. சரிக்கா, எடுத்துக்கோ.

— அப்போ கேளுங்க. முன்கதவு பக்கமே போகாதீங்க. பின்கதவு எதுக்கு இருக்கு?

— அதுக்கு முன்னாடி வறட்டி அடுக்கி வெச்சிருக்கேன்க்கா. விருந்தாளி அறையில அடுப்பு எரிக்க.

— எல்லாத்தையும் எடு. கதவை முழுசாத் திறந்து வெச்சுட்டு அந்தப் பக்கம் யாரும் நிக்காதீங்க. இங்க இந்தப் பொந்துகிட்ட ரெண்டு வறட்டியைப் பத்த வெச்சுப் புகையை உள்ளே விசிறு. தடியால குத்தினா முறைச்சுக்கிட்டு அங்கேயே கிடக்கும். புகைதான் அதுக்குப் பிடிக்காது. முதல்ல தும்மும். அப்புறம் எழுந்து ரெண்டு தடவை சோம்பல் முறிக்கும். திரும்பிப் பார்க்காம ஆத்துப் பக்கமா இறங்கிடும்.

— இந்தாக்கா, வறட்டியை எடுத்தாச்சு, கதவைத் திறந்தாச்சு, விசிறியாச்சு. அட, தும்முது!

— சொன்னேன்ல?

— டிஸ்கிட், எழுந்துடுச்சு! சோம்பல் முறிக்குது. ஒண்ணு... ரெண்டு! போகுது, பின்கதவு வழியாப் போகுது. ஆத்துப் பக்கமே இறங்குது!

— மேட்டுல அவங்க பார்க்கறாங்களா பாரு!

— முதுகுதான் தெரியுது. இன்னும் அந்தப் பாறையைத்தான் பார்க்கறாங்க.

— அக்கா, நீ சாமிக்கா. ஆனா ஒண்ணு கேக்கறேன். தும்மறதுலேர்ந்து சோம்பல் முறிக்கற வரைக்கும் அப்படியே புட்டுப் புட்டு வெச்சியே, உனக்கு எப்படித் தெரியும்?

— பின்னே? என் ஆடு வயித்துவலியிலயா செத்துச்சுன்னு நினைச்சே?