சங்ககிரிக் கோட்டையைப் பிடித்த எருது

எடப்பாடிச் சந்தை கலைகிற நேரம். சங்ககிரிக்குப் போகும் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஓர் இளைஞன் தாவி ஏறி, என் முன் சீட்டுப் பெரியவரைப் பார்த்துக் கத்தினான்.

"மாமா! உங்க செவலை எருது கோட்டையப் புடிச்சிருச்சுங்க!"

"என்ன மாப்ளே சொல்ற?"

"நேத்து நீங்க அதோட ஜோடிய விக்க ஓட்டிட்டு வந்ததுமே, கவுத்த அத்துக்கிட்டு மலையேறிருச்சுங்க!"

"எப்புடி ஏறும்? யானை ஓடியாந்து கதவ முட்டக் கூடாதுன்னு வாசலுக்கு வாசல் திருப்பித் திருப்பிக் கட்டுன கோட்டையாச்சே!"

"அத்தன வாசலும் நுழைஞ்சு உச்சி மதிலோரம் நிக்குதுங்க! ஊரே அண்ணாந்து பாக்குது!"

"புல்லு மேயுதா?"

"தொடவே இல்லீங்க. எடப்பாடி ரோட்டையே பாத்துக் கத்துது."

"எதிரி வர்றதப் பாக்கறதுக்குன்னே கட்டுன மதிலு அது. ரோடு பூராத் தெரியும்."

பெரியவர் மடியில் விற்ற எருதின் கழுத்து மணி இருந்தது. மாட்டை விற்றாலும் கயிற்றையும் மணியையும் எங்கள் பக்கத்தில் கொடுப்பதில்லை.

"கீழ நின்னு அந்த மணிய ஆட்டுனா எறங்கீருமுங்க மாமா."

"எறங்கும். எறங்கி வந்து ஜோடியத் தேடுமே?"

பஸ் நகர்ந்தது.

"கண்டக்டர், நிறுத்துங்க! மாட்ட வாங்குன ஓமலூர்க்காரரு இன்னும் தூரம் போயிருக்க மாட்டாரு!"

பெரியவர் இறங்கி ஓடினார். கையிலிருந்த மணி வழி நெடுக அடித்தது. இளைஞன் படியில் தொங்கியபடி கத்தினான்:

"ஜோடியக் கூட்டியாங்க மாமா! அதுவரைக்கும் கோட்டை செவலைகிட்டயே இருக்கட்டும்!"