உல்ரிக்கின் மில் சக்கரம்

புளித்த முட்டைக்கோஸ் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. ஆனாலும் சிறைக்காரரின் மனைவி தினமும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைக்கிறாள். அவள் முகம் வாடக்கூடாது என்று சாப்பிட்டுவிடுகிறேன். பிறர் மனம் நோக நடந்துகொள்வது என் சுபாவத்தில் இல்லை. உல்ரிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள்.

யுத்த காலத்தில் படைக்குக் கோதுமை கொள்முதல் செய்யும் வேலை என்னுடையது. எங்கள் பென்சில்வேனியாப் பள்ளத்தாக்கில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மன் பேசுகிறவர்கள். வெளியாள் வந்து கேட்டிருந்தால் களஞ்சியத்தைப் பூட்டியிருப்பார்கள். நான் கேட்டதால் கொடுத்தார்கள். கோதுமைக்குப் பதிலாக சர்க்கார் கடன் சீட்டு கொடுத்தேன். ஆங்கிலேய ராஜாவின் படையைத் துரத்தியதும் பணம் வரும் என்றேன். நம்பித்தான் சொன்னேன். அத்தனை கோதுமையும் உல்ரிக்கின் மில்லில் மாவாகி, பீப்பாய்களில் அடைபட்டு வண்டியேறியது.

ராஜாவின் படை கப்பலேறிப் போனது. பணம் வரவில்லை, வரிதான் வந்தது. அதையும் வெள்ளிக்காசாகவே கட்ட வேண்டும், சீட்டு செல்லாது என்றார்கள். பக்கத்துப் பண்ணை லுட்விக் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"என் கோதுமையை வாரிக்கிட்டுப் போன சர்க்காரே இன்னிக்கு என் மாட்டுக்கு வரி கேக்குது. நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தே, கான்ராட். இந்தச் சீட்டை மாட்டுக்குப் போட்டா தின்னுமா, சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் அவன் மாடுகள் ஏலத்துக்கு வந்தன. ஊரில் யாரும் ஏலம் கேட்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவன் அடிமாட்டு விலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். லுட்விக்கின் பிள்ளைகள் பாலில்லாமல் அழுததைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கும் மற்றவர்களுக்கும் என்னால் ஆனதைச் செய்தேன்.

அந்த நிலைமையில்தான் பழைய கணக்குகளைத் தீர்க்க பிலடெல்பியாவிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. பள்ளத்தாக்கின் கொள்முதல் முழுவதும் என் பெயரில் ஒரே கணக்கு. ஏற்றால் எல்லாச் சீட்டும் செல்லும், தள்ளினால் ஒன்றும் செல்லாது. மாவு முழுவதும் நம் படையின் முகாமுக்குத்தான் போனதா என்று மில்காரனை நேரில் கேட்பார்கள்.

முழுவதும் போகவில்லை. ஒரு குளிர்காலம் மட்டும் சில வண்டிகள் வேறு திசையில் போயின. பிலடெல்பியா அப்போது ராஜாவின் படையிடம் இருந்தது. அவர்கள் தங்கமாக எண்ணிக் கொடுத்தார்கள். நம் முகாமில் பையன்கள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டு பனியில் கிடந்தார்கள், நிறையப் பேர் செத்தார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் முகாமுக்குப் போகும் அந்தச் சாலையில் நான் அனுப்பியிருந்தாலும் பாதி மாவு நனைந்து கெட்டுத்தான் போயிருக்கும்.

உல்ரிக்கைப் பார்க்கப் போனேன். அவன் சத்தியம் செய்யாத, வழக்குக்குப் போகாத சபையைச் சேர்ந்தவன். நல்ல மனிதன். அடுப்பருகே உட்காரவைத்து, சூடாக ஆப்பிள் ரசம் கொடுத்தான்.

"முழுசும் முகாமுக்குத்தான் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, உல்ரிக். ஊரே பொழச்சுக்கும்."

"முழுசும் போகலியே, கான்ராட்."

"அப்ப ஒண்ணும் சொல்லாம இருந்துடு."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். உன் மேல பிராதும் குடுக்க மாட்டேன், எங்க சபையில அந்த வழக்கமில்ல. ஆனா கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். என் கோதுமையும் அதுல இருக்கு. போனாப் போகட்டும்."

அதைக் கோபமில்லாமல் சொன்னான். எனக்குத்தான் கோபம் வந்தது. ஊர் எக்கேடு கெட்டாலும் தன் நாக்கு சுத்தமாக இருந்தால் போதும் என்பது சுயநலம் இல்லையா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மறுபடி ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று அடுத்த நாள் காலை போனேன். இரவு உறைபனியில் மில் சக்கரம் இறுகி நின்றிருந்தது. அவன் கோடரியோடு சக்கரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். கீழே ஆள் இருக்கும்போது மதகைத் திறக்கும் கைப்பிடி அருகே ஒருவர் காவல் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து மில்களில் அதுதான் வழக்கம்.

"நல்ல நேரத்துல வந்தே. கைப்பிடிகிட்ட நில்லு, கான்ராட். யாரும் தொடாமப் பாத்துக்க" என்றான்.

நின்றேன். பனிக்கட்டிகள் ஒவ்வொன்றாக உடைந்து ஓடையில் விழுந்தன. சக்கரம் விடுபடும்வரை காத்திருந்தேன். அதற்கு முன்னால் மதகைத் திறந்தால் அது சுற்றாது. பிறகு கைப்பிடியை இழுத்தேன். தண்ணீர் நிறைய இருந்தது, வேகமாகவே முடிந்துவிட்டது. அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். உதவிக்குத்தான் கூப்பிட்டான் என்று நினைக்கிறேன்.

திரும்பியபோது அவன் மனைவி வெரோனிகா கதவருகே நின்றாள். என் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. அவள் கத்தவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அடக்கம் முடிந்த பின் அவளே என்னிடம் வந்தாள்.

"உங்களை நாங்க மன்னிச்சிட்டோம், அண்ணே" என்றாள்.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவளிடம் இத்தனை காலம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், உள்ளதைச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

கேட்பதற்கு மில்காரன் இல்லாததால் அதிகாரி என் கணக்கை அப்படியே ஏற்றார். எல்லாச் சீட்டும் வட்டியோடு செல்லும் என்று உத்தரவானது. அப்போது அவை யார் கையில் இருந்தன என்று கேட்கிறீர்கள். என் கையில். வரி கட்ட வழியில்லாமல் தவித்தவர்களிடம் எட்டில் ஒரு பங்கு விலைக்கு, அந்தக் குளிர்காலத்தில் கிடைத்த தங்கத்தை மாற்றி, வெள்ளிக்காசாகவே கொடுத்து வாங்கியிருந்தேன். அதைவிட நல்ல விலை வேறு யாரும் தரவில்லை. உல்ரிக்கின் வீட்டுக்கு நான் போனபோது பள்ளத்தாக்கில் அவனுடையதைத் தவிர எல்லாச் சீட்டும் என் பெட்டியில்தான் இருந்தன. அவனுடையதை வெரோனிகாவிடம் பிறகு வாங்கினேன்.

எனக்கு வட்டி கொடுக்க சர்க்கார் வரியைக் கூட்டியிருக்கிறது. லுட்விக்கின் பண்ணையும் போய்விட்டது. இப்போது அதே நிலத்தில் கூலிக்கு உழுகிறான். பரிதாபம்தான். ஆனால் இந்த ஊர் கொடுத்த கோதுமை வீண்போகவில்லை என்று சர்க்காரை ஒப்புக்கொள்ள வைத்தவன் நான். அவர்களுக்காகத்தான் உல்ரிக்கைக் கொன்றேன், ஐயா. ஒருவராவது வந்து ஒரு வார்த்தை நன்றி சொல்வார்கள் என்று இன்னும் வழி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.