ஒன்பது கிலோமீட்டர் தார் ரோடு

— இறங்கித் தள்ளுடி ஹில்லா. இந்த மேட்டுல நானே தள்ளிட்டுத்தான் போவேன்.

— நீ தள்ளு தைமி. நான் ஏறித்தான் வருவேன். நீ போட்ட சைக்கிள் வழியில நான் ஒரு இடத்துலகூட கால் ஊனினேன்னு நீ சொல்லிக்கக் கூடாது.

— யார்கிட்ட சொல்லப் போறேன் தாயே? இந்தக் காட்டுல கேக்குறதுக்குக் கொசுவைத் தவிர யாரு இருக்கா?

— சனிக்கிழமை திறப்பு விழாவுல சொல்லுவ. ஊராட்சித் தலைவர் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னு. ‘என்கூடப் படிச்ச பொண்ணு, பெரிய பட்டதாரி, அவளுக்கே மூச்சு வாங்கிடுச்சு’ன்னு.

— அடி போடி. மூச்சு வாங்குறவளா இவ்வளவு பேசுறா?

— தெரியாமதான் கேக்குறேன், இதை எதுக்கு ஏத்தமா வெச்ச? எதிர்ப்பக்கமா சுத்தினா இது இறக்கம். சைக்கிளை விட்டா சும்மா பறக்கலாம். இந்த வேலைக்குன்னு நான் எழுதிக் குடுத்த திட்டத்துல அப்படித்தான் போட்டிருந்தேன்.

— கீழ பாரு. சரளை எப்படிக் கிடக்கு?

— உதிரி உதிரியா.

— மரம் ஏத்தின லாரி பிரேக் போட்டுப் போட்டு உதிர்த்தது. ஏறும்போது சறுக்கினா சக்கரம் சும்மா சுத்தும். இறங்கும்போது சறுக்கினா ஆளு நேரா ஏரிக்குள்ள. எட்டு வருஷம் இதுல லாரி ஓட்டியிருக்கேன்ல.

— நாப்பது பக்கம் எழுதினேன். அதுல ஒரு பக்கத்துலயும் இது இல்ல.

— என்ன முணுமுணுக்குற?

— ஒண்ணுமில்ல. முன்னால போ.

— போய்ட்டே இருக்காத, இங்க நில்லு. நிக்குறதுக்குன்னே இந்த வழியைத் திருப்பினேன். இந்தப் பக்கமும் தண்ணி, அந்தப் பக்கமும் தண்ணி. நடுவுல மணல் முதுகு மாதிரி இந்தக் கரை, அதுமேல பைன் மரம். எப்படி?

— எனக்கும் இது பொறந்த ஊருதான். சுத்திக் காட்டாத.

— வந்திருக்கியா இங்க?

— வரைபடத்துல பார்த்திருக்கேன்.

— அப்ப சொல்லேன், நல்லா இருக்கா இல்லையா?

— நல்லா இருக்கு. வயிறு எரியுற அளவுக்கு நல்லா இருக்கு. போதுமா?

— போதும் தாயே. அந்த மரக்கொட்டகையில உக்காரு. விறகு இருக்கு. சாசேஜ் சுட்டுக் கடுகு விழுது பூசித் தரேன்.

— லஞ்சமா?

— பசிக்கு.

— சொல்லாம என்னால ஒரு வாய் இறக்க முடியாதுடி. அந்த வேலை எனக்கு வரவேண்டியது. எங்க வம்சத்துலயே மொதமொதல்ல காலேஜ் வாசல் மிதிச்சவ நான். ஹெல்சிங்கியில ஆறு வருஷம், ஆஸ்பத்திரித் தரையைத் துடைச்சுக்கிட்டே படிச்சேன். திரும்பி வந்து பார்த்தா, படிப்பைப் பாதியில விட்டுட்டு லாரி ஏறினவ வழி போடுற அதிகாரியாம்.

— நேர்காணல்ல ஒரே கேள்விதான் கேட்டாங்க. ‘ஏப்ரல்ல பனி உருகி ரோடெல்லாம் சேறாகும்போது எது தாங்கும்?’

— என்கிட்டயும் அதைத்தான் கேட்டாங்க. கால் மணி நேரம் பதில் சொன்னேன்.

— நான் மூணு ரோட்டுப் பேரு சொன்னேன்.

— சிரிக்காத. அறைஞ்சுடுவேன்.

— சரி, சிரிக்கல. உனக்கு வேலை கிடைக்கலன்னதும் உங்கப்பா என்ன சொன்னாரு?

— எங்கப்பாவா? செய்தித்தாளைத் திருப்பினாரு. அதான் பதில். நான் பட்டம் வாங்கின அன்னிக்கு நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தாரு. எல்லாம் முடிஞ்சதும் ‘காபி நல்லா இருந்துச்சு’ன்னாரு. திரும்பவும் நாலு மணி நேரம் ஓட்டிட்டுப் போயிட்டாரு.

— வந்தாருல்ல.

— வந்து? ஒரு வார்த்தை? ‘நல்லா படிச்ச’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா அந்த வாயில?

— கிளம்பு. வெயில் சாயுறதுக்குள்ள மிச்சத்தைப் பார்த்துடலாம்.

— மிச்சம்தானே? அதுக்குத்தான் வந்தேன். இதோ வந்தாச்சு. தார் ரோடு! பாத்தியா, ஒரு லாரி போச்சு, என் தொப்பியைக் காணோம்.

— நான் எடுத்துட்டு வரேன், இரு.

— தொப்பி கிடக்கட்டும். சரளை வழின்னு பேரு வெச்சுட்டு, ஒம்பது கிலோமீட்டர் லாரிக்கு நடுவுல விடுறியே, எத்தனை பேரு செத்தாங்கன்னு எண்ண ஆள் போட்டாச்சா? கருத்து சொல்றவங்க இன்னிக்கு நாலு மணிக்குள்ள அனுப்பணும்னு ஊராட்சியில சொல்லியிருக்காங்க. என் கடிதம் போன்ல தயாரா இருக்கு. ஒரு தட்டு தட்டினா போதும். திறப்பு விழா நிக்கும். உன் வேலையோட ஆறு மாசச் சோதனைக் காலமும் அதோட சரி.

— தெரியும்.

— தெரிஞ்சும், இந்த ரோட்டுல ஏறாம ஏரிக்கரைக் காடு வழியாவே போகலாம்ங்கறப்ப, ‘ஏரிக்கரைக் காடு முழுக்கச் சதுப்பு, சைக்கிள் போகாது’ன்னு அறிக்கையில எழுதியிருக்க. யாருக்குடி காது குத்துற? அது எங்க காடு! செருப்பில்லாம நான் ஓடின கரை. பாறையும் மணலும். எங்கடி சதுப்பு?

— அனுப்புறதா இருந்தா அனுப்பு ஹில்லா.

— காரணத்தை நானே சொல்றேன். எங்க வாசல்ல வந்து நின்னு கேக்க உனக்கு மனசு வரல. ‘ஹில்லா வீட்டு நிலம் இல்லன்னா இந்த வழியே இல்ல’ன்னு யாராவது சொல்லிட்டா? அதைவிட நாலு பேரு லாரியில அடிபட்டாலும் பரவால்ல. எங்கப்பா யாருக்கும் எதையும் முடியாதுன்னு சொன்ன ஆளே இல்ல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

— கேட்டேன்.

— எப்ப?

— மார்ச்சுல மூணு தடவை.

— புளுகாத.

— மத்த இருபத்தாறு நிலத்துக்காரங்களும் கையெழுத்துப் போட்டாச்சு. உங்கப்பா மட்டும்தான் பாக்கி. மூணாவது தடவை போனப்ப காபி ஊத்தினாரு. ஏலக்கா ரொட்டி வெச்சாரு. வரைபடத்தை மேசையில விரிச்சேன். ‘இந்தக் கோட்டை யாரு போட்டது?’ன்னாரு. நான்தான்னேன். பேனாவை மூடி வெச்சுட்டாரு.

— எங்கப்பாவா?

— ‘எம் பொண்ணு இதுக்குன்னு படிச்சுட்டு வந்து நிக்குறா. அவ போடாத கோடு எங் காட்டுக்குள்ள வராது. நான் மண்ணுக்குள்ள போறவரைக்கும் வராது’ன்னாரு.

— இப்படியேவா சொன்னாரு? ‘எம் பொண்ணு’ன்னு?

— இப்படியேதான். ‘அவகிட்ட சொல்லிடாத’ன்னும் சொன்னாரு.

— தைமி, ஓரமா வா. லாரி வருது.

— நீ முதல்ல வா. நடு ரோட்டுல நிக்குறது நீதான். அழுவுறியா?

— தூசி. அப்ப ‘நிலத்துக்காரர் சம்மதிக்கல’ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே. உன்மேல ஒரு குத்தமும் வராதே. எதுக்கு இல்லாத சதுப்பை எழுதின?

— எழுதினேன். விடு.

— ஊரே அவரைப் பேசும்னுதானே? எனக்கு அசிங்கமாயிடும்னுதானே? வேலை போனாலும் போகட்டும்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க. இந்தா பாரு, கடிதத்தை அழிச்சுட்டேன். காலையில இருந்து உன்மேல எரிஞ்சு எரிஞ்சு, குத்தம் தேடிட்டே வந்தேன். நீ எங்க வீட்டு மானத்தைக் காப்பாத்திட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி சாசேஜ் சுட்டுத் தர. இந்த நல்ல மனசு எனக்கு வராதுடி.

— நிறுத்து.

— உண்மையைத்தானே சொல்றேன்.

— நல்ல மனசு, மண்ணாங்கட்டி. ‘சம்மதிக்கல’ன்னு எழுதியிருந்தா நீ படிச்சிருப்ப. நேரா வீட்டுக்குப் போய் ஏன்னு கேட்டிருப்ப. அவரும் அந்த வார்த்தையை உன்கிட்டயே சொல்லியிருப்பாரு. படிப்பும் உன்கிட்ட இருக்கு, ஹெல்சிங்கியும் பார்த்துட்ட, இதுவும் உனக்கேவா? எங்கப்பன் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனப்ப எனக்கு ஏழு வயசு. இன்னும் திரும்பல. நாலு மாசமா தினம் இந்தத் தார் ரோட்டுல சைக்கிள்ல போவேன். போகும்போதெல்லாம் உங்கப்பா ‘எம் பொண்ணு’ன்னது என்னைத்தான்னு வெச்சுக்குவேன்.