ஆறரை மணிப் பூட்டு

தாம்பரத்தில் வெயில் தாழ்ந்துவிட்டால் கொசு பிடுங்கி எடுத்துவிடும். அதனால் விடுதியின் சன்னல்களை ஐந்து மணிக்கே சாத்தச் சொல்லிவிடுவேன். அதற்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். காற்று வரவில்லையாம். டெங்கு வந்து படுத்தால் யார் பார்ப்பது? நான்தானே பார்க்க வேண்டும். விடுதி வார்டனுக்கு நல்ல பெயர் எந்தக் காலத்திலும் கிடைக்காது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் பெயர் பியூலா. இந்தக் கல்லூரியின் மகளிர் விடுதி என் பொறுப்பு. வளாகப் பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறேன். கேட் பூட்டுகிற வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. மாலை ஆறரைக்கு நானே கேட்டைப் பூட்டுவேன். அதற்குப் பிறகு வருகிற பெண் வெளியே நின்றபடி தன் அப்பாவுக்குப் போன் செய்து, போனைக் கம்பி வழியாக என்னிடம் நீட்ட வேண்டும். அவரிடம் நான் இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான் பூட்டைத் திறப்பேன். கல்லூரி போட்ட விதி இல்லை இது, நானாகக் கொண்டுவந்தது. அப்பாவுக்குப் பயப்படுகிற பெண் ஊர் சுற்ற மாட்டாள். பெற்றோர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மிருதுளா திருச்சிப் பெண், மூன்றாம் ஆண்டு. கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போய் வருவாள். போன மாதம் மாணவர் கூட்டத்தில், முதல்வர் தோத்தாத்ரி சாருக்கு முன்னால் எழுந்து நின்றாள்.

"பாய்ஸ் ஹாஸ்டல் கேட் பத்து மணி வரைக்கும் திறந்திருக்கு சார். தப்பு பண்றவன் வெளிய சுத்தறான், பூட்டு மட்டும் எங்களுக்கா?"

அரங்கமே கைதட்டியது. சாரும் சிரித்துக்கொண்டே, "நியாயம்தானேம்மா. அடுத்த செமஸ்டர்லேர்ந்து ஒன்பது மணின்னு வச்சுக்கலாம்" என்றார். என் நாற்காலி அவர் பக்கத்திலேயே இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

அடுத்த வாரம் அவளே என் அறைக்கு வந்தாள். போன வருடம் படித்து முடித்துப் போன கேசவன் என்கிற பையன், தாம்பரம் பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் பின்னாலேயே வருகிறானாம். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விடவில்லையாம்.

"கொன்னுடுவேன்னு மெசேஜ் பண்றான் மேம். பயமா இருக்கு. கமிட்டியில சொல்லி போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாமா?"

"தாராளமா குடுக்கலாம்மா. முதல்ல உங்க அப்பாகிட்ட சொல்லிடறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்பா கேள்விப்பட்டால் படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "வேணாம் மேம், நானே பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அவளே வேண்டாம் என்ற பிறகு குழுவில் போய்ச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?

இரண்டொரு நாளில் கேசவன் கேட்டுக்கே வந்தான். காவலாளி குமரேசன் அவனை விரட்டிக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, டெய்லி இங்கயே வந்து நின்னுகினு கீற? பொண்ணுங்க கீற எடம், கெளம்பு." நான்தான் அவனை உள்ளே கூப்பிட்டு, பார்வையாளர் அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பார்க்க நல்ல குடும்பத்துப் பையன். ஒரே ஒரு தடவை அவளிடம் பேச வேண்டும் என்றான். மடியில் இருந்த பையை மட்டும் கீழே வைக்கவே இல்லை. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. பையைச் சோதிப்பது குமரேசனின் வேலை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வருவா. கேட் பூட்டியிருக்கும், வெளியிலதான் நிப்பா. அப்ப பேசிக்கோப்பா" என்றேன்.

கொஞ்சம் பயந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பூட்டு எதற்கு என்று மற்ற பெண்களும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், ஒன்பது மணிப் பேச்சும் அதோடு அடங்கிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்லிக் குமரேசனைப் பின்பக்கம் அனுப்பினேன். மிருதுளா ஓடிவந்து கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"மேம், திறங்க மேம். பின்னாடியே வரான்."

"அப்பாவுக்குப் போன் போடும்மா" என்றேன்.

போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கேசவன் ஓடிவரவில்லை, நிதானமாக நடந்துதான் வந்தான். அவள் கம்பிக்குள் கையை விட்டு என் புடவையைப் பிடிக்கப் பார்த்தாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அவன் பையைத் திறந்ததையும் உள்ளே இருந்ததை எடுத்ததையும் பார்த்தேன். சாவி என் கையில்தான் இருந்தது. நல்ல பூட்டு, ஒரு திருப்பில் திறந்துகொள்ளும். மாடியில் பெண்கள் கூடி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது ஒருத்திக்காக வழக்கத்தை விட்டால், நாளைக்கு எல்லாருக்கும் விட வேண்டியிருக்கும்.

சத்தம் கேட்டுக் குமரேசன் ஓடிவந்தார். "மேடம், சாவியக் குடுங்க மேடம். பாப்பாவுக்கு இன்னும் உயிரு கீது" என்று அழுதார். போலீஸ் வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொன்னேன். பாதுகாப்பு வகுப்பு நடத்த வந்த உங்கள் போலீஸ் துறைக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

அன்றிலிருந்து ஒரு பெண்கூடத் தாமதமாக வருவதில்லை. இருட்டுவதற்கு வெகு முன்பே எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒன்பது மணி விஷயத்தை முதல்வரே கைவிட்டுவிட்டார். வளாகத்துக்குள் ஓர் அசம்பாவிதமும் நடக்கவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னோம். அது பொய்யில்லை, அவள் விழுந்து கிடந்தது ரோட்டில்.

எதிர்க்கடைக் கேமராவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மிருதுளா தாமதமாக வரவில்லை. என் விடுதியில் இருந்தவரை அவள் ஒருநாளும் தாமதமாக வந்தவள் இல்லை. அதனால்தான் அன்று ஆறு மணிக்கே பூட்டினேன்.

அவள் அப்பா ஜெயகிருஷ்ணன் மறுநாள் காலை பிணவறை வாசலில் என்னைப் பார்த்து, "எம் பொண்ணு லேட்டாவா வந்தா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா சார். உங்களுக்குத்தான் போன் பண்ணிக்கிட்டே இருந்தா. நீங்க எடுக்கல."

பாங்கில் ஏதோ மீட்டிங், போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாராம். அத்தனை பேருக்கு முன்னால் என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எடுத்திருந்தா நீங்க கேட்டைத் திறந்திருப்பீங்க. நான்தான் எம் பொண்ணைக் கொன்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க மேடம்."

பாவமாக இருந்தது. அவரைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதார மன்னித்தேன்.